முதல் மருந்துப் பிழை: இளம் தாதியர் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் அரச வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்துப் பிழை விட்ட தங்கச்சிமாரும் தம்பிமாரும் என்னிடம் கேட்டவைதான் இவை. பெரும்பாலும் இரவில் ஹொஸ்டலில் இருந்து வொய்ஸ் மெசேஜில் வரும். ஒருவர் கேட்டதையே அடுத்தவரும் கேட்பதால் எழுதிவைத்திருக்கிறேன். ஆளும் இடமும் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். உங்களுக்கு இப்போதுதான் பிழை நடந்திருக்கிறது என்றால் முதல் பதிலை மட்டும் வாசித்துவிட்டு நோயாளியிடம் போங்கள். மற்றதை ட்யூட்டி முடிந்த பிறகு பார்க்கலாம்.

பிழையான மருந்தைக் கொடுத்துவிட்டேன், இப்போதுதான் தெரிந்தது. முதலில் என்ன செய்ய?

மருந்து இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். கெனியுலாவை (நரம்பில் போட்டிருக்கும் சிறு குழாயை) கழற்றிவிட வேண்டாம், மாற்று மருந்து கொடுக்க அந்த வழிதான் தேவைப்படும். நோயாளியோடு நின்று மூச்சு, நாடி, பிரஷர், நினைவு எல்லாம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இன்சுலின் சம்பந்தப்பட்டது என்றால் உடனே சி.பி.எஸ். (விரலில் குத்திப் பார்க்கும் இரத்தச் சீனி) பாருங்கள். பக்கத்தில் நிற்கும் நேர்ஸையோ அட்டென்டனையோ அனுப்பி டொக்டரைக் கூப்பிடுங்கள். நீங்கள் நோயாளியை விட்டு ஓடாதீர்கள்.

டொக்டர் வந்ததும் பலர் "சொரி டொக்டர், எனக்குத் தெரியாமல்..." என்று தொடங்கி அழுதுவிடுகிறார்கள். அழுகை பிறகு வரட்டும். அவருக்கு வேண்டியது யாருக்கு, என்ன மருந்து, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்பதுதான். "பதினாலாம் கட்டில் நோயாளிக்கு, அவருக்கு எழுதாத சொலியுபிள் இன்சுலின் பத்து யூனிட், ஐந்து நாற்பதுக்குத் தோலுக்கடியில் போட்டுவிட்டேன். இப்போது சீனி 110." இவ்வளவும் போதும். சிங்களம் தடுமாறினால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பதற்றத்தில் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, அளவும் மாறிப்போனால் அது இரண்டாவது பிழை.

அடுத்த சில மணித்தியாலங்களில் என்ன பார்க்க வேண்டும் என்பது மருந்தைப் பொறுத்தது. சொலியுபிள் இன்சுலின் தோலுக்கடியில் போட்டு அரை மணியில் வேலையைத் தொடங்கும், இரண்டு முதல் நாலு மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போகும், எட்டு மணித்தியாலம் வரை இழுக்கும். ஆகவே முதல் சி.பி.எஸ். நல்லாக இருக்கிறது என்று ஆறுதலாகி, ஏழு மணிக்கு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. நைட்டுக்கு வருபவரிடம் வாயாலும் சொல்லி, எழுத்திலும் கையளிக்க வேண்டும். மோர்ஃபின் கூடிப்போனால் நலொக்ஸோன் இருக்கிறது. ஆனால் மோர்ஃபின் அடங்கும் முன்னமே நலொக்ஸோன் அடங்கிவிடும். எழும்பி உட்கார்ந்து கதைத்த நோயாளி கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மயங்கலாம். ஹெப்பாரினுக்கு புரோட்டமின், பரசிட்டமோலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்று மாற்று உள்ள மருந்துகள் சில உண்டு. எதை, எப்போது என்று தீர்மானிப்பது டொக்டர். நேரத்தையும் அளவையும் ஒளிக்காமல் சொல்வது உங்கள் வேலை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, மற்ற வைத்தியசாலைகளில் இருக்கும் டொக்டர்மாரும் அங்கே கேட்கலாம்.

வெறும் அம்பியூல், வயல் (மருந்துக் குப்பி), சிரிஞ்ச், உறை ஒன்றையும் எறியாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு கிட்னி ட்ரேயில் போட்டு, நோயாளியின் பெயரையும் நேரத்தையும் பிளாஸ்டரில் எழுதி ஒட்டி வையுங்கள். உள்ளே எவ்வளவு போனது என்று சண்டை வரும்போது வயலில் மீந்திருப்பதுதான் பதில் சொல்லும்.

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டும். இந்தக் கேள்வி மனதில் வந்ததற்காக உங்களைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம், அது எல்லோருக்கும் வரும்.

ஒழுக்கத்தை விடுங்கள், வைத்தியக் காரணத்தைப் பாருங்கள். சீனி வருத்தம் இல்லாத ஒருவருக்கு இரவு எட்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி, வாய் குழறினால் டொக்டர் எதை நினைப்பார்? நெஞ்சு என்பார், அல்லது பக்கவாதம் என்பார். ஈ.சி.ஜி. எடுப்பார்கள், ஸ்கானுக்கு ஏற்பாடு செய்வார்கள். இன்சுலின் போனது தெரிந்திருந்தால் விரலில் ஒரு குத்து, டெக்ஸ்ட்ரோஸ் ஒரு ஊசி, அவ்வளவுதான். நீங்கள் வாய் திறக்காததால் அந்த ஆள் ஒரு மணித்தியாலம் தவறான வழியில் போகிறார்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒருவருடைய மருந்தை மற்றவருக்குக் கொடுத்திருந்தால், உரியவருக்கு மருந்து போகவில்லை. அங்கே இரண்டு நோயாளிகள். அந்த இரண்டாவது ஆள் சோறு சாப்பிட்டுவிட்டு இன்சுலின் இல்லாமல் படுத்திருக்கிறார்.

அப்புறம் உங்கள் விஷயம். சொன்னவர்களுக்கு ஒரு கெட்ட கிழமை, சில நேரம் ஒரு கெட்ட மாதம். மறைத்தவர்களிடம் வருடக்கணக்கில் கழித்துக் கதைத்திருக்கிறேன். அந்த வாட்டுப் பக்கம் போனாலே வயிறு பிசைகிறது என்பார்கள்.

எங்கள் பட்ச்சிலேயே நான்தான் கெட்டிக்காரி. எப்படி இது நடந்தது என்றே விளங்கவில்லை.

கெட்டிக்காரர்கள்தான் அதிகம் உடைந்து போகிறார்கள். மார்க்ஸ் குறைந்த அனுபவம்கூட இல்லாதவர்கள் அல்லவா.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். மெடிக்கல் வாட்டு, ஈவினிங் ட்யூட்டி, கட்டில்களை விட ஆட்கள் கூட. பதினாலுக்கும் பதினைந்துக்கும் இடையில் தரையில் ஒரு மெத்தை, அதற்கு பதினாலு ஏ என்று பெயர். பதினாலிலும் பெரேரா, பதினாலு ஏயிலும் பெரேரா. காலையில் ஒருவருக்கு மூச்சு முட்டியதால் இருவரையும் இடம் மாற்றியிருந்தார்கள். டிக்கட்டுகள் (நோயாளியின் விவரமும் மருந்தும் எழுதும் கட்டில் தாள்கள்) மாறவில்லை. ஐந்தரைக்குச் சாப்பாட்டு வண்டி உள்ளே வருகிறது, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டு முடிக்க வேண்டும். அந்தப் பிள்ளை சிரிஞ்சில் பத்து யூனிட் எடுத்த நேரம், பார்வையாளர் ஒருவர் வந்து தன் அம்மாவின் சேலைன் முடிந்துவிட்டது என்கிறார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கட்டிலில் இருப்பவரிடம் "பெரேரா?" என்று கேட்கிறது பிள்ளை. அவர் "ஓ மிஸ்" என்கிறார். அவரும் பெரேராதானே.

இதில் எத்தனை பேருடைய வேலை கலந்திருக்கிறது பாருங்கள். இடம் மாற்றியவர், டிக்கட்டை மாற்றாதவர், கைப்பட்டி கட்டாத வாட்டு, குறுக்கே வந்த பார்வையாளர். கடைசியில் ஊசி இருந்தது அந்தப் பிள்ளையின் கையில். பிள்ளைக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெயரைச் சொல்லிக் கேட்டது பிழை. சுகமில்லாத மனிதர், காது மந்தமானவர், பயந்தவர் எந்தப் பெயருக்கும் ஓம் என்பார். "நம மொகத்த?" (பெயர் என்ன?) என்று சிங்களத்தில் கேட்டு அவர் வாயாலேயே முழுப் பெயரை வரவழைக்க வேண்டும், அதை டிக்கட்டோடு ஒப்பிட வேண்டும். ஆனால் அந்த ஒரு பங்கைத் திருத்துவதற்கும், மொத்தப் பாரத்தையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எண்களும் இதைத்தான் சொல்கின்றன. மருந்து கொடுப்பதை நேரில் நின்று கவனித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013இல் ஒரு மீளாய்வு வந்தது, 91 ஆய்வுகள். நேரம் பிந்தியதையும் பிழையாகக் கணக்கெடுத்தால் மருந்து கொடுப்பதில் நடந்த பிழைகளின் இடைநிலைப் பெறுமதி 19.6 வீதம். நேரப் பிழைகளை விட்டாலும் 8 வீதம். சிட்னியில் நடந்து 2010இல் வெளியான இன்னொரு ஆய்வில், மருந்து கொடுக்கும்போது வரும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் பிழைகள் சுமார் 12 வீதம் கூடியதாகக் கண்டார்கள். நமது வாட்டில் ஒரு மருந்துச் சுற்றில் எத்தனை பேர் "மிஸ்" என்று கூப்பிடுகிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை உண்டு. எழுத்து ஆங்கிலத்தில், வாட்டுப் பேச்சு சிங்களத்தில், நீங்கள் யோசிப்பது தமிழில். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, டொக்டர் நடந்துகொண்டே வாயால் சொல்லும் ஓடரில் பாதி விளங்காது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். தயவுசெய்து வெட்கப்படாதீர்கள். "டொக்டர், எழுதித் தாங்கோ" என்பது எந்த வாட்டிலும் நியாயமான வசனம். அவசரத்தில் எழுத முடியாவிட்டால், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லி ஓம் வாங்குங்கள்.

கையெழுத்தும் பெட்டியும் வேறு இருக்கின்றன. 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கிப் பத்து ஆகிவிடும். யூனிட்டைக் குறிக்க ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் போட்டால் அது பூச்சியம் போலத் தெரிந்து பத்து யூனிட் நூறாகும். லொசெக் என்ற வயிற்றெரிவு மருந்தை லேசிக்ஸ் என்ற சிறுநீர் போக்கும் மருந்தாக வாசித்துக் குழம்பியதால், அமெரிக்காவில் 1990இல் அந்த மருந்தின் பெயரையே பிரைலொசெக் என்று மாற்றினார்கள். சிறுவர் வாட்டில் வேலை செய்பவர்களுக்கு: நரம்பில் ஏற்றும் பரசிட்டமோல் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். 75 மில்லிகிராம் என்பது ஏழரை மில்லிலீற்றர். 75 மில்லிலீற்றர் போனால் பத்து மடங்கு. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததில் இருந்து, ஒரே மருந்து வேறு வேறு கம்பனிப் பெட்டியில் வருவதும் பழகிவிட்டது. பெட்டியின் நிறத்தை நம்பி எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

டிக்கட்டில் என்ன எழுதுவது?

நடந்ததை மட்டும். என்ன மருந்து, அளவு, வழி, நேரம், கண்டுபிடித்த நேரம், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், நோயாளியின் நிலை, அதன் பிறகு எடுத்த சி.பி.எஸ். அல்லது பிரஷர். "கவனக்குறைவால்", "வேலைப்பளுவால்" போன்ற சொற்கள் டிக்கட்டுக்கு உரியவை அல்ல. மன்னிப்பும் அங்கே வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம்.

முன்பு எழுதியதை அழிக்காதீர்கள், திப்பெக்ஸ் பூசாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். எழுத்துப் பிழை என்றால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் நேரமும் வையுங்கள். மருந்துப் பிழையை மன்னிக்கும் நிர்வாகம் உண்டு. டிக்கட்டில் கைவைத்ததை மன்னிக்கும் நிர்வாகத்தை நான் கண்டதில்லை.

சம்பவ அறிக்கை இதற்கு வேறு. பெரிய அரச வைத்தியசாலைகளில் தர முகாமைத்துவப் பிரிவு இருக்கிறது, சுகாதார அமைச்சில் அதற்கென்று ஒரு பணிப்பகமும் இருக்கிறது. வேலைப்பளு, தரை மெத்தை, மாறாத டிக்கட் எல்லாவற்றையும் அந்தப் படிவத்தில் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் எல்லோர் முன்னாலும் ஏசினா. நோயாளிகளும் கேட்டார்கள்.

அது அவ விட்ட பிழை. ஏச்சில் இருக்கும் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தொனியை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் திருப்பிக் கதைக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து, அவ அறையில் தனியாக இருக்கும்போது போய் "சிஸ்டர், பிழை என்னுடையது, ஆனால் நோயாளிகள் முன்னால் ஏசினது எனக்குக் கஷ்டமாக இருந்தது" என்று சொல்லலாம். சொன்ன பிள்ளைகளில் சிலருக்குத் தேத்தண்ணி கிடைத்திருக்கிறது.

நோயாளிக்கும் வீட்டாருக்கும் யார் சொல்வது?

நீங்கள் தனியாகச் சொல்லப் போக வேண்டாம். கன்சல்டன்டோ அவருக்காக மூத்த டொக்டரோ சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் நிற்க விரும்பினால் நிற்கலாம். என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், இனி என்ன செய்கிறோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்பதுதான் முறை.

இங்கே தமிழ்த் தாதிக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. கொட்டாஞ்சேனையில் இருந்தோ மலையகத்தில் இருந்தோ வந்த நோயாளிக்குச் சிங்களம் தெரியாது, டொக்டருக்குத் தமிழ் தெரியாது. வாட்டில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். வழக்கம்போல "மிஸ், கொஞ்சம் சொல்லுங்கோ" என்று உங்களையே மொழிபெயர்க்க விடுவார்கள். தான் விட்ட பிழையைத் தானே இன்னொருவர் வாயாக நின்று சொல்வது யாராலும் ஆகாத காரியம். வார்த்தை நழுவும், அல்லது பயத்தில் பாதியை விழுங்கிவிடுவீர்கள். நோயாளிக்கும் அது நியாயமில்லை. பக்கத்து வாட்டில் இருந்து வேறொரு தமிழ் ஆளைக் கூப்பிடச் சொல்லி உறுதியாகக் கேளுங்கள்.

தூக்கம் வருவதில்லை. அந்த நிமிடம் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு ஏதும் ஆகிவிட்டதா?

இல்லை, இது நடப்பதுதான். 2000ஆம் ஆண்டில் அல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர், மருத்துவப் பிழையில் நோயாளிக்கு அடுத்தபடி அடிபடுவது அதைச் செய்த சுகாதார ஊழியர் என்று எழுதி, அவரை "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்றார். அந்தப் பெயர் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அது கசக்கும், அதுவும் நியாயம்தான். ஆனால் அவர் காட்டிய விஷயம் உண்மை.

மிசூரிப் பல்கலைக்கழகத்தில் சூசன் ஸ்கொட் என்ற தாதியும் அவருடைய குழுவும் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை நேர்கண்டு, 2009இல் ஆறு கட்டங்களாக எழுதினார்கள். முதலில் குழப்பம். பிறகு அந்தக் காட்சி ஓயாமல் மனதில் ஓடுவது. அதன் பின் "எல்லோரும் என்னை என்ன நினைக்கிறார்கள், இனி யாராவது என்னை நம்புவார்களா" என்ற தவிப்பு. விசாரணையைத் தாங்குவது. யாரிடமாவது மனம்விட்டு ஆறுதல் தேடுவது. கடைசியில் மூன்றில் ஒரு பாதை: வேலையை விட்டுப் போவது, விடாமல் ஆனால் உள்ளே காயத்தோடு இழுப்பது, அல்லது அதில் இருந்து ஏதோ கற்றுக்கொண்டு நிமிர்வது. நான் பார்த்த பிள்ளைகள் மூன்றாம் கட்டத்தில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தேநீர் அறைக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேர் சிங்களத்தில் மெதுவாகக் கதைத்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பார்கள். பல நேரம் அவர்கள் கதைத்தது ஓவர்டைம் காசைப் பற்றியதாக இருக்கும்.

உதவுவது என்ன? முதல் மூன்று நாலு நாளில் ஒருவரிடம் முழுக் கதையையும் ஒழுங்காகச் சொல்வது. "பிழை விட்டுட்டன்" என்று மட்டும் சொல்லி அழுவது போதாது. எத்தனை மணி, எந்தக் கட்டில், கையில் என்ன, யார் கூப்பிட்டார், எப்போது தெரிந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். வாட்டு வேலை தெரிந்த ஒருவரிடம் சொன்னால் இன்னும் நல்லது, அவர் இடையில் கேள்வி கேட்பார், அப்போது உங்கள் பங்கு எது, உங்கள் பங்கு அல்லாதது எது என்று தானாகப் பிரியும். ஆனால் நோயாளியின் பெயரையும் வாட்டையும் சொல்ல வேண்டாம். வட்ஸ்அப் குரூப்பில் எழுத வேண்டாம்.

மயூரபதி அம்மனுக்கோ கொச்சிக்கடை அந்தோனியாருக்கோ நேர்ந்துகொள்வதில் தப்பில்லை, மனம் ஆறினால் நல்லது. ஆனால் நோன்பு என்று சாப்பிடாமல் நைட் செய்ய வராதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, அந்தக் கனவு விடவில்லை, வேலைக்கு வரும் பஸ்ஸிலேயே நெஞ்சு படபடக்கிறது என்றால் மனநல வைத்தியரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் ஒரு மாதம் பொறுக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கிறது. 1333லும் கதைக்கலாம். மனம் உடைந்தவர்களுக்குக் காதுகொடுக்கும் சுமித்ரயோ அமைப்பும் கொழும்பில் இருக்கிறது. மருந்து அலுமாரித் திறப்பு உங்கள் கையில் இருக்கும் நாட்களில் இந்த எண்ணம் வந்தால், திறப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு "எனக்குச் சுகமில்லை" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். காரணம் அப்புறம் சொல்லலாம்.

வேலை போகுமா? பதிவு போகுமா? பொலிஸ் வருமா?

நோயாளிக்குப் பாதிப்பு இல்லாமல் முடிந்த பிழைகள் பெரும்பாலும் வாட்டோடும், தாதியரின் மேலதிகாரியான மேட்ரனோடும் முடிகின்றன. விளக்கக் கடிதம் கேட்பார்கள், வாட்டு மாற்றலாம். பாதிப்பு இருந்தால், அரச சேவையில் இருப்பவருக்குத் தாபனக் கோவையின் (அரச ஊழியர் விதித்தொகுப்பின்) இரண்டாம் தொகுதிதான் வழி: ஆரம்ப விசாரணை, தேவைப்பட்டால் குற்றப்பத்திரிகை, முறைசார் ஒழுக்காற்று விசாரணை. அந்த விசாரணையில் உங்களுக்காக ஓர் எதிர்வாத உத்தியோகத்தரை வைத்துக்கொள்ளலாம். தனியார் வைத்தியசாலையில் உங்கள் நியமனக் கடிதத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். தாதியர் பதிவு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டத்தின் கீழ் வருவது. வாட்டில் சிஸ்டர் கோபத்தில் "உன் பதிவை வெட்டுவிக்கிறேன்" என்பதால் அது வெட்டுப்படாது.

வாக்குமூலம் எழுதும்போது அவசரப்படாதீர்கள். தமிழும் அரச கரும மொழி. மேல் மாகாணத்தில் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும், அரச அலுவலரோடு தமிழில் தொடர்பாட அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயம் இடம் தருகிறது. நீங்கள் யோசிக்கும் மொழியில் எழுதுங்கள். வேறொருவர் சிங்களத்தில் எழுதித் தரும் தாளை, வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். எழுதியதில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தொழிற்சங்கத்தில் உறுப்பினர் என்றால், விசாரணைக்கு முதல் நாளே அவர்களிடம் போங்கள்.

நோயாளி இறந்துவிட்டார்.

இதைக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான், ஆனால் கேட்டிருக்கிறார்கள்.

மரண விசாரணை வரலாம், சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்யலாம். பிழைதான் சாவுக்குக் காரணம் என்று அதற்கு முன் நீங்களே தீர்ப்பெழுதிவிட வேண்டாம். கடும் வருத்தத்தில் இருந்தவருக்குப் பல காரணங்கள் இருக்கும். தண்டனைச் சட்டக்கோவையில் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைவித்ததைப் பற்றியது. ஆகவே பொலிஸ் வாக்குமூலத்துக்கு முன் ஒரு சட்டத்தரணியோடு கதையுங்கள். உண்மையை மாற்றுவதற்காக அல்ல, அதைச் சரியாகச் சொல்வதற்காக.

செத்த வீட்டுக்குப் போகலாமா என்று ஒரு பிள்ளை கேட்டது. நம்மிடையே செத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பதே குற்றம் மாதிரி. ஆனால் தனியாக, சொல்லாமல் போக வேண்டாம். அங்கே உங்கள் முகம் அவர்களுக்கு ஆறுதலா, இன்னொரு அடியா என்று உங்களுக்குத் தெரியாது. வைத்தியசாலை சார்பில் மூத்தவர்கள் போகும்போது வீட்டாரின் விருப்பத்தைக் கேட்டறிந்து சேர்ந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் ஒரு விளக்கேற்றுங்கள்.

அமெரிக்காவில் உண்மையைச் சொன்ன தாதிக்கே தண்டனை கொடுத்தார்களே?

கொடுத்தார்கள். 2017இல் டென்னசி மாநிலத்தில், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதில் தசையை முடக்கும் வெக்குரோனியம் கொடுக்கப்பட்டு ஒரு நோயாளி இறந்தார். தாதி உடனே ஒப்புக்கொண்டார். 2022 மார்ச்சில் அவரைக் குற்றவாளியாகக் கண்டார்கள், மே மாதத்தில் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். சிறை இல்லை. உலகெங்கும் தாதியர் கொதித்தார்கள், நானும் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. இதைப் பார்த்து "இனி யார் சொல்வார்கள்" என்று பிள்ளைகள் கேட்பது எனக்கு விளங்குகிறது. சொல்வதால் எந்த ஆபத்தும் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழக்கில் மருந்து அலுமாரியின் தடையைத் தாண்டி எடுத்தது, குப்பியின் மூடியில் இருந்த எச்சரிக்கையை வாசிக்காதது என்று பல படிகள் பேசப்பட்டன. சொன்னதற்காக அல்ல வழக்கு. மறைத்திருந்தால் அது இலேசாகப் போயிருக்கும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

திரும்ப ட்ரொலியைத் தள்ளக் கை நடுங்குகிறது. ஒவ்வொன்றையும் நாலு தரம் பார்க்கிறேன்.

இரண்டு தரம் பாருங்கள், நாலு தரம் வேண்டாம். நாலு தரம் பார்ப்பவருக்கு மூன்றாம் தரத்தில் கண் மட்டும்தான் பார்க்கிறது, மனம் பார்ப்பதில்லை. மற்ற நோயாளிகளின் மருந்தும் பிந்திவிடும். முதல் கிழமை ஒரு மூத்தவரைப் பக்கத்தில் வைத்து மருந்துச் சுற்றுப் போங்கள். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மோர்ஃபின் வகைகளுக்கு இரண்டாவது ஆளின் கண் எப்போதும் வேண்டும். அந்த ஆள் நீங்கள் எடுத்த சிரிஞ்சைப் பார்த்துத் தலையாட்டினால் போதாது, மருந்து எழுதிய தாளைத் தானே வாசித்து அளவைத் தானே கணக்குப் போட வேண்டும். மருந்து எடுக்கும்போது யாராவது கூப்பிட்டால், முடிந்தால் "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லுங்கள். போகத்தான் வேண்டும் என்றால், எடுத்த மருந்தை வைத்துவிட்டுப் போய், வந்து முதலில் இருந்து தொடங்குங்கள். விட்ட இடத்தில் இருந்து அல்ல.

வீட்டில் சொல்லலாமா?

அம்மாவின் குணத்தைப் பொறுத்தது. "நீ நேர்ஸ் வேலைக்கே போகாதே என்றேனே" என்று தொடங்கும் அம்மா என்றால் அக்காவிடம் சொல்லுங்கள்.

இந்த வேலையை விட்டுவிடலாமா?

விடலாம், அது உங்கள் உரிமை. ஆனால் முதல் மாதத்தில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். விட்டுப் போனவர்களில் சந்தோஷமாக இருப்பவர்களும் எனக்குத் தெரியும். அவர்கள் வேலை பிடிக்காமல் விட்டவர்கள். பிழைக்குத் தண்டனையாக விட்டவர்கள் அப்படி இல்லை. எந்த வகை என்று இப்போது உங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், படிவத்தில் ஒழுக்காற்று நடவடிக்கை பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள், விளக்கமும் சேர்த்து.

நான் மூத்தவள். என் வாட்டில் ஒரு சின்னப் பிள்ளைக்கு இப்படி நடந்துவிட்டது. என்ன சொல்வது?

"எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள், அது உங்களுக்கே தெரியாது. "இது எல்லோருக்கும் நடக்கும்" என்பதும் அன்று வேண்டாம், அந்த நேரம் பிள்ளைக்கு அது அலட்சியமாகக் கேட்கும். "நோயாளியை நான் பார்க்கிறேன், நீ தண்ணி குடித்துவிட்டு வந்து நடந்ததை எனக்கு ஒழுங்காகச் சொல்லு" என்றால் போதும். குறுக்கே கதைக்காமல் கேளுங்கள். டிக்கட் எழுதும்போது பக்கத்தில் இருங்கள், நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டாம். தேநீர் அறையில் கதை தொடங்கினால் நீங்களே நிறுத்துங்கள், சிங்களத்தில் என்றாலும். ட்யூட்டி முடிந்ததும் தனியாக பஸ்ஸுக்கு அனுப்பாமல், அதே பக்கம் போகும் யாரோடாவது சேர்த்து அனுப்புங்கள். மூன்றாம் நாள் ஒரு போன் எடுங்கள். எல்லோரும் மறந்துவிடும் நாள் அதுதான். அடுத்த ரோஸ்டர் போடுவதற்குள் சிஸ்டரிடம் போய், முதல் இரண்டு கிழமை அந்தப் பிள்ளையை உங்களோடு ஒரே ட்யூட்டியில் போடச் சொல்லிக் கேளுங்கள், தனி நைட் மட்டும் கொடுக்க வேண்டாம் என்று.